கடைசிக் கொள்முதல்

ஒரு மின்னணுப் பாகம் பழுதடைவதும் அது வழக்கொழிந்து போவதும் வெவ்வேறு நிகழ்வுகள். பழுது என்பது பாகத்துக்கு உள்ளே நடப்பது: வெப்பத்தில் விரிந்து சுருங்கி ஓர் இணைப்பு விட்டுப்போகிறது, ஈரம் புகுந்து ஓர் உலோகத் தடம் அரிக்கப்படுகிறது, மின்தேக்கியின் திரவம் உலர்ந்து போகிறது, எதுவானாலும் அதன் காரணத்தை நுண்ணோக்கியின் கீழ் வைத்துக் காட்டிவிட முடியும். வழக்கொழியும் பாகத்தின் உள்ளே எதுவுமே நடப்பதில்லை. அலமாரியில் உள்ள சில்லு நேற்று இயங்கியதைப் போலவே இன்றும் இயங்கும். அதைத் தயாரித்த நிறுவனம் இனி அதைத் தயாரிப்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டது என்பது மட்டுமே புதிய செய்தி. எனவேதான், வழக்கொழிவுப் பொறியாளர் என்று அழைக்கப்படுபவரின் வேலை மின்னணுவியலில் தொடங்கினாலும் அதன் பெரும்பகுதி சந்தை, சட்டம், நிகழ்தகவு ஆகியவற்றைச் சார்ந்ததாகவும், பிறர் எடுக்கப்போகும் முடிவுகளை முன்கூட்டியே ஊகிப்பதாகவும் அமைந்துவிடுகிறது.

இந்தத் தொழில் தோன்றியதற்கு அடிப்படை, இரண்டு வகை ஆயுட்காலங்களுக்கு இடையிலான பொருத்தமின்மை. ஒரு கைப்பேசியின் சந்தை வாழ்வு இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள். அதற்கென உருவாக்கப்படும் சில்லுகளின் விற்பனையும் பெரும்பாலும் அந்த வேகத்திலேயே ஏறி இறங்குகிறது. ஆனால் விமானம், அணுமின் நிலையம், இரயில் சைகை அமைப்பு, மருத்துவமனையின் ஊடுகதிர்க் கருவி போன்றவை இருபது, நாற்பது, சில நேரங்களில் அறுபது ஆண்டுகள் பணியில் இருக்கின்றன. அமெரிக்க விமானப்படையின் பி-52 குண்டுவீச்சு விமானங்களில் கடைசியாகக் கட்டப்பட்டது 1962ஆம் ஆண்டு அக்டோபரில் ஒப்படைக்கப்பட்டது. அவற்றை 2050களிலும் பறக்கவிடத் திட்டமிடப்பட்டுள்ளது. அவற்றின் டிஎஃப்33 எஞ்சின் உற்பத்தி 1985இல் நின்றுவிட்டதால், 2021இல் ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனத்தின் புதிய எஞ்சின் அவற்றுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. எட்டு அங்குல ஃபிளாப்பி வட்டுகளைக் கொண்டு அந்நாட்டின் அணு ஆயுதப் படைகளின் தகவல் தொடர்பு அமைப்பு ஒன்று இயங்கி வந்ததை அரசின் தணிக்கை அமைப்பு 2016இல் சுட்டிக்காட்டியபோது செய்தித்தாள்கள் அதைக் கேலிக்குரியதாக எழுதின. உண்மையில் அது வியப்புக்குரிய சாதனையும்கூட. சந்தையிலிருந்து மறைந்து பல பத்தாண்டுகள் ஆன ஒரு சாதனத்தை 2019 வரை பழுது நீக்கி ஓடவைத்தவர்களின் திறமையைப் பற்றி அச்செய்திகள் அதிகம் பேசவில்லை.

தொடக்கத்தில் நிலைமை இப்படி இருக்கவில்லை. ஐசி எனப்படும் ஒருங்கிணைந்த சுற்று சந்தைக்கு வந்த புதிதில் அதை வாங்கும் அளவுக்குப் பணம் இருந்தது விண்வெளித் துறையிடமும் இராணுவத்திடமும்தான். அப்பல்லோ விண்கலத்தின் வழிகாட்டுக் கணினியை உருவாக்கும் பணி, 1963இல் அமெரிக்காவில் உற்பத்தியான ஐசிகளில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை விழுங்கியதாகக் கணக்கிடப்படுகிறது. அப்படிப்பட்ட வாடிக்கையாளர் ஒரு பாகம் இன்னும் பத்தாண்டுகளுக்கு வேண்டும் என்றால் தொழிற்சாலை அதற்கு இசைந்தது. பிறகு கணிப்பொறிகளும் வீட்டு மின்னணுச் சாதனங்களும் பெருகியபோது இராணுவத்தின் பங்கு தேய்ந்துகொண்டே வந்து, இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டுக்குள் ஒரு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. 1994ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்கப் பாதுகாப்புச் செயலர் வில்லியம் பெர்ரி, தனிப்பட்ட இராணுவத் தரக்குறிப்புகளுக்குப் பதிலாக இயன்றவரை வணிகச் சந்தைப் பாகங்களையே பயன்படுத்த வேண்டும் என்று ஆணையிட்டார். செலவைக் குறைக்கும் நோக்கில் அது நியாயமான முடிவுதான். ஆயினும் நாற்பது ஆண்டுகள் வாழவேண்டிய கருவிகள் அன்றிலிருந்து, சில ஆண்டுகளே விற்பனையில் இருக்கும் பாகங்களோடு இன்னும் இறுக்கமாகப் பிணைக்கப்பட்டன.

தேவை குறைவதால் மட்டுமே ஒரு பாகம் நிறுத்தப்படுவதில்லை. சிலிக்கான் வில்லையின் விட்டம் பெரிதாகும்போது பழைய விட்டத்துக்கான எந்திரங்களைக் கொண்ட ஆலை மூடப்படலாம். சில்லை அடைக்கும் உறையைச் செய்துவந்த துணை நிறுவனம் தொழிலை விடலாம். சோதனை எந்திரமே பழுதாகி அதற்கு உதிரிபாகம் கிடைக்காமல் போகலாம். ஒரு சட்டமும் போதும். ஐரோப்பிய ஒன்றியத்தின் அபாயகரப் பொருள் கட்டுப்பாட்டு ஆணை 2006 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்து, மின்னணுச் சாதனங்களில் ஈயத்தைத் தடைசெய்தது. இராணுவக் கருவிகள் அந்த ஆணையின் வரம்புக்குள் வரவில்லை. ஆனால் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான வாடிக்கையாளருக்காக ஈயம் கலந்த முலாமுக்கென ஓர் உற்பத்தி வரிசையைத் தனியே வைத்திருக்கத் தயாரிப்பாளர்கள் முன்வராததால், எத்தனையோ பாகங்களின் கால்கள் தூய வெள்ளீய முலாமுக்கு மாறின.

அந்த மாற்றம் பழைய சிக்கல் ஒன்றைத் திரும்ப அழைத்து வந்தது. தூய வெள்ளீயப் பரப்பிலிருந்து, முலாமுக்குள் தேங்கியிருக்கும் அழுத்தத்தின் காரணமாக, தலைமயிரைவிட மெல்லிய படிக இழைகள் தாமாகவே முளைத்து வளர்கின்றன. ஒரு மில்லிமீட்டருக்கும் மேலாக நீளக்கூடிய அந்த இழை பக்கத்துக் காலைத் தொட்டால் குறுக்குச்சுற்று ஏற்படும். சிறிதளவு ஈயம் சேர்த்தால் இந்த வளர்ச்சி பெரிதும் அடங்கிவிடுகிறது என்பது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே அறியப்பட்ட உண்மை. 1998ஆம் ஆண்டு மே மாதம் கேலக்சி-4 என்ற செயற்கைக்கோள் செயலிழந்து அமெரிக்காவில் பல கோடி பேஜர்கள் ஒரே நேரத்தில் ஊமையானதற்கு இத்தகைய இழையே காரணமாகக் கருதப்படுகிறது. எனவே, பாகத்தின் எண் அதேதான், மின்பண்புகளும் அவையேதான் என்றாலும், கால்களின் முலாம் மாறியிருந்தால் செயற்கைக்கோள் கட்டுபவருக்கு அந்தப் பாகம் வழக்கொழிந்துவிட்டது என்றே பொருள்.

உற்பத்தியை நிறுத்தும் நிறுவனம் பொதுவாகச் சொல்லாமல் நிறுத்துவதில்லை. குறைகடத்தித் தொழிலின் தர அமைப்பான ஜெடெக் வகுத்துள்ள நெறியின்படி, அறிவிப்பு வெளியான நாளிலிருந்து கடைசி ஆணையைக் கொடுக்கக் குறைந்தது ஆறு மாதங்களும், கடைசிச் சரக்கைப் பெறப் பன்னிரண்டு மாதங்களும் அளிக்கப்பட வேண்டும். நீண்ட வாழ்வு பெற்ற சில்லுகளும் உண்டு: 1985இல் வெளிவந்த இன்டெல் 80386 செயலி, மேசைக் கணினிகளை விட்டு நீங்கிப் பல ஆண்டுகள் ஆன பிறகும், தொழிற்சாலைக் கருவிகளுக்காக 2007 செப்டம்பர் வரை தயாரிக்கப்பட்டது, 1976இல் அறிமுகமான ஸைலாக் நிறுவனத்தின் இசட்80 செயலிக்குக் கடைசி ஆணை கொடுக்கும் நாள் 2024 ஜூன் 14 ஆக இருந்தது. நாற்பத்தெட்டு ஆண்டு விற்பனைக்குப் பிறகு அந்த அறிவிப்புக்கும் கடைசி நாளுக்கும் இடையே அளிக்கப்பட்டது ஏறத்தாழ இரண்டே மாதங்கள் என்பது, ஜெடெக்கின் நெறி எந்த அளவுக்குக் கட்டுப்படுத்தும் என்பதையும் காட்டுகிறது.

அறிவிப்பு கைக்குக் கிடைத்த பிறகுதான் இத்தொழிலின் மிகக் கடினமான கேள்வி எழுகிறது: எத்தனை வாங்குவது? இதற்கு இனி ஒரு வாய்ப்புத்தான் உண்டு என்பதால் இதைக் கடைசிக் கொள்முதல் என்கிறார்கள். குறைவாக வாங்கினால், இருப்புத் தீரும் நாளில் மின்சுற்றுப் பலகையையே புதிதாக வடிவமைக்க நேரிடும். மிகுதியாக வாங்கினால் பணம் அலமாரியில் உறைந்துபோகும். கணிதவியலாளர்கள் இந்த வகைச் சிக்கலைச் செய்தித்தாள் விற்பவர் கணக்கு என்று வழங்குகிறார்கள். காலையில் எத்தனை பிரதிகள் எடுத்து வைப்பது, மாலையில் மீந்தால் யார் தலையில் விழும் என்பதுதான் அங்கும் கேள்வி. ஒரு பாகம் குறைந்துபோவதால் வரும் இழப்பை, அந்த இழப்பும் ஒரு பாகம் மீந்துபோவதால் வரும் இழப்பும் சேர்ந்த தொகையால் வகுத்தால் ஒரு விகிதம் கிடைக்கிறது. தேவை முழுவதையும் இருப்பு ஈடுகட்டும் நிகழ்தகவு அந்த விகிதத்துக்குச் சமமாகும் அளவுக்கு வாங்குவதே சிக்கனமானது என்பது தீர்வு. பாகம் மீந்தால் ஒவ்வொன்றுக்கும் ஆயிரம் ரூபாய், குறைந்தால் பத்தொன்பதாயிரம் ரூபாய் இழப்பு என்று வைத்துக்கொண்டால் விகிதம் 0.95, அதாவது நூற்றில் தொண்ணூற்றைந்து வாய்ப்புகளில் தட்டுப்பாடு வராத அளவுக்கு வாங்க வேண்டும்.

எண்களை இட்டுப் பார்த்தால் இக்கணக்கின் வலிமையோடு பலவீனமும் புலப்படும். ஆயிரம் கருவிகள் பணியில் இருப்பதாகவும், அந்தப் பாகம் ஆண்டுக்கு 2 விழுக்காடு வீதம் பழுதாவதாகவும், கருவிகள் இன்னும் இருபது ஆண்டுகள் இயங்க வேண்டும் என்பதாகவும் கொண்டால், எதிர்பார்க்கும் தேவை 400. பழுதுகள் ஒன்றுக்கொன்று தொடர்பின்றி நிகழுமானால், அவை பாய்சான் பரவலைப் பின்பற்றும். அதன் திட்ட விலக்கம் 400இன் வர்க்கமூலமாகிய 20. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து என்ற பாதுகாப்புக்கு ஏறத்தாழ 433 பாகங்கள் போதும். முப்பத்து மூன்று பாகங்கள் கூடுதலாக வாங்கி நிம்மதியடையலாம் என்று கணக்கு சொல்கிறது. ஆனால் பழுது வீதம் 2 அல்ல, 3 என்று பின்னால் தெரியவந்தால் தேவை 600 ஆகிவிடும். அது 1 என்றால் வாங்கியதில் பாதிக்கும் மேல் குப்பை. பழுது வீதம் சரியாகவே இருந்து, பதினெட்டாம் ஆண்டில் ஓர் அமைச்சரகமோ இயக்குநர் குழுவோ கருவியின் பணிக்காலத்தை மேலும் பத்தாண்டுகள் நீட்டித்தாலும் தேவை அதே 600தான். சூத்திரம் மிகுந்த நேர்த்தியோடு அளந்து தரும் சமவாய்ப்பு ஏற்ற இறக்கம், இந்த இரு ஐயங்களின் முன்னால் ஒரு பொருட்டே இல்லை. இத்துறையில் நீண்ட காலமாக ஆய்வு செய்துவரும் மேரிலாந்துப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பீட்டர் சாண்ட்போர்ன் போன்றோர், இத்தனை பாகங்கள் என்ற ஒற்றை எண்ணைத் தேடுவதைவிட, எத்தனை ஆண்டுகளுக்கான இருப்பு, எந்த ஆண்டில் மறுவடிவமைப்பு என்ற இரண்டையும் ஒரே கணக்கில் இணைத்துத் திட்டமிடும் முறைகளை உருவாக்கியதன் பின்னணி இதுவே. கருவி எப்போது ஓய்வுபெறும் என்று உறுதிகூறும் அதிகாரியின் கையொப்பம், பழுது வீத அட்டவணையைக் காட்டிலும் ஐயத்துக்குரிய ஆவணம் என்பதை அனுபவமுள்ள வழக்கொழிவுப் பொறியாளர்கள் நன்கறிவர்.

வாங்கியதை வைத்திருப்பதும் ஒரு கலை. சில்லின் நெகிழி உறை காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சிக்கொள்கிறது. பல ஆண்டுகள் கழித்துப் பற்றவைக்கும் உலையில் அது நுழையும்போது உள்ளிருக்கும் ஈரம் சட்டென்று ஆவியாகி உறையை வெடிக்கச் செய்துவிடும். எனவே அவை ஈரம் புகாத பைகளில், உலர்த்திப் பொட்டலத்தோடு அடைக்கப்பட்டு, பல இடங்களில் உலர்ந்த நைட்ரஜன் நிரப்பிய பெட்டிகளில் பேணப்படுகின்றன. கால்களின் மேற்பரப்பு ஆக்சிஜனேற்றம் அடைந்தால் பற்றாசு ஒட்டாது. மின்பகு திரவம் கொண்ட அலுமினிய மின்தேக்கிகள் பயன்படுத்தாமல் கிடந்தாலே உள்ளிருக்கும் ஆக்சைடு படலம் நலிவதால், அவற்றை இருபது ஆண்டுகளுக்குச் சேமிப்பதில் பயன் குறைவு. சில நிறுவனங்கள் உறையிட்ட சில்லுகளுக்குப் பதிலாக வெட்டப்படாத சிலிக்கான் வில்லைகளையே நைட்ரஜனில் சேமித்து, தேவைப்படும்போது வெட்டி உறையிடுகின்றன. பாகத்தில் முதலில் கெடுவது பெரும்பாலும் சிலிக்கான் அல்ல, அதைச் சுற்றியுள்ளவையே என்பதால் இது பொருத்தமான வழி.

கடைசிக் கொள்முதலைத் தவறவிட்டவர்கள் வந்து நிற்கும் இடம் வெளிச்சந்தை. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா, விண்ணோடத்தின் உந்துபொறிகளைச் சோதிக்கும் கருவிகளுக்காக, 1978இல் வெளிவந்த இன்டெல் 8086 சில்லுகளை இணைய ஏலத்தளம் உள்ளிட்ட இடங்களில் தேடி வாங்கிக்கொண்டிருந்தது 2002இல் செய்தியானது. தேடி வாங்குவது இழுக்கல்ல. ஆபத்து, கிடைப்பது எது என்பதில் இருக்கிறது. தூக்கியெறியப்பட்ட பலகைகளைச் சூடாக்கிச் சில்லுகளை உருவி, மேற்பரப்பைச் சுரண்டி, புதிய எண்ணையும் தேதிக் குறியீட்டையும் அச்சிட்டு, புதியவை என்று விற்கும் ஒரு தொழில் மின்னணுக் கழிவு குவியும் ஊர்களில் வளர்ந்தது. அமெரிக்க செனட்டின் ஆயுதப்படைக் குழு 2012 மே மாதம் வெளியிட்ட அறிக்கை, இரண்டே ஆண்டுகளில் போலி என்று ஐயுறத்தக்க ஏறத்தாழ 1,800 நேர்வுகளைக் கண்டறிந்தது. அவற்றில் அடங்கிய பாகங்களின் எண்ணிக்கை பத்து இலட்சத்துக்கும் மேல். போலியைப் பிடிப்பதற்கு அசிட்டோன் கரைசலால் அச்சைத் துடைத்துப் பார்ப்பது முதல், ஊடுகதிரில் உள்கம்பிகளை ஒப்பிடுவது, அமிலத்தால் உறையைக் கரைத்துச் சிலிக்கானின் மீதுள்ள தயாரிப்பாளர் முத்திரையைப் படிப்பது வரை பல சோதனைகள் உண்டு. கடைசிச் சோதனை மற்றவற்றைவிட உறுதியானது. ஆனால் அதற்குட்படும் சில்லு அழிந்துவிடுகிறது என்பதால், ஒரு தொகுதியில் சிலவற்றைப் பலியிட்டு மற்றவற்றை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. இதைவிடப் பாதுகாப்பான வழி, அசல் தயாரிப்பாளரிடமிருந்தே எஞ்சிய இருப்பையும் வடிவமைப்பு உரிமையையும் பெற்றுத் தொடர்ந்து விற்கும் நிறுவனங்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ரோச்சஸ்டர் எலெக்ட்ரானிக்ஸ் இவ்வகையில் மிகப் பெரியது. அங்கே விலை கூடுதல்தான். ஆயினும் சோதனைச் செலவையும் ஒரு விமானம் தரையில் நிற்கும் செலவையும் சேர்த்துப் பார்த்தால் அது பெரும்பாலும் மலிவாகவே முடிகிறது.

பாகம் எங்கும் கிடைக்காதபோது மாற்றுப் பாகம் தேடப்படுகிறது. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பது இங்கே அப்படியே செல்லாது. வடிவம், பொருத்தம், செயல்பாடு ஆகிய மூன்றும் ஒத்திருந்தாலும் புதிய பாகம் பழைய சுற்றைக் கெடுத்துவிடக்கூடும். பெரும்பாலும் கெடுதல் வருவது புதிய பாகத்தின் மேன்மையால் என்பதுதான் இதிலுள்ள வேடிக்கை. பழைய சில்லு மெதுவாக வினைபுரிந்ததால், சுற்றில் எப்போதும் ஓடிக்கொண்டிருந்த மிகச் சிறிய மின்னதிர்வுகளை அது கவனிக்கவே இல்லை. வேகமான புதிய சில்லு அவற்றையும் உண்மையான சைகைகளாக எண்ணி வினைபுரியத் தொடங்குகிறது. இந்தக் காரணத்தாலேயே, அமெரிக்கப் பாதுகாப்புத் தளவாட முகமையின் ஆதரவில் 1987 முதல் பிரின்ஸ்டனில் நடந்துவரும் ஒரு திட்டம், பழைய சில்லுகளை அவற்றின் வேகம், மின்னழுத்தம், தாமதம் உட்பட ஒப்பச்செய்து, சிறிய எண்ணிக்கையில் புதிதாகத் தயாரித்து அளிக்கிறது. அடிப்படை அடுக்குகளை மட்டும் கொண்ட பொதுவான வில்லைகளை முன்னதாகவே செய்துவைத்து, கேட்கப்படும் சில்லுக்கேற்ப மேலடுக்கு இணைப்புகளை மட்டும் பின்னர் இடுவது அத்திட்டத்தின் உத்தி.

தயாரிப்பு முறையே மறந்துபோன நிலைக்கு மிகத் தெளிவான சான்று மின்னணுவியலுக்கு வெளியே உள்ளது. டபிள்யூ76 என்ற அமெரிக்க அணு ஆயுதத்தில் ஃபாக்பேங்க் என்ற மறைபெயர் கொண்ட ஒரு பொருள் பயன்படுகிறது. அது என்ன என்பது இன்றும் இரகசியம். டென்னசி மாநிலத்தின் ஓக் ரிட்ஜில் உள்ள ஒய்-12 வளாகத்தில் 1989 வரை அதற்கான ஆலை இயங்கியது. பின்னர் அந்த ஆயுதங்களின் ஆயுளை நீட்டிக்க முடிவானபோது, தயாரிப்பு பற்றிய பதிவுகள் மிகக் குறைவாகவே இருப்பதும், தெரிந்தவர்களில் ஏறக்குறைய அனைவரும் ஓய்வுபெற்றோ விலகியோ சென்றுவிட்டதும் தெரியவந்தது. புதிய ஆலை கட்டி, கிடைத்த குறிப்புகளின்படி செய்தபோது பொருள் சரிவர அமையவில்லை. நீண்ட ஆய்வுக்குப் பிறகு வெளிப்பட்ட காரணம் இது: பழைய மூலப்பொருள் ஒன்றில் மாசு ஒன்று கலந்திருந்தது; அந்த மாசு பொருளின் தன்மைக்கு இன்றியமையாதது என்பது அக்காலத் தொழிலாளர்களுக்கே தெரியாது; நவீனத் தூய்மைப்படுத்தும் முறை அதை ஒழுங்காக நீக்கிவிட்டது. குறிப்பேட்டில் இல்லாத ஒன்றைத் தயாரிப்பவர் அறியாமலேயே தயாரித்துக்கொண்டிருந்தார் என்றால், குறிப்பேட்டை மட்டும் காப்பாற்றி வைப்பதால் பாகத்தைக் காப்பாற்றியதாக ஆகாது.

மற்ற எல்லாரும் கைவிட்ட கருவியைக் கடைசியாகப் பயன்படுத்துபவரின் நிலை இன்னும் தனித்தது. ஜாகுவார் தாக்குதல் விமானத்தை பிரான்ஸ் 2005இலும் பிரிட்டன் 2007இலும் பணியிலிருந்து நீக்கின. இந்திய விமானப்படை இன்றும் பறக்கவிடுகிறது. எனவே பிரான்சில் ஓய்வுபெற்ற ஜாகுவார்களின் உடற்கூடுகளைப் பெற்று, அவற்றைப் பிரித்து உதிரிபாகங்களாக்கும் வழி தேர்ந்தெடுக்கப்பட்டது. ஒன்றைப் பிரித்து மற்றொன்றைப் பறக்கவிடும் இம்முறை பார்வைக்கு வறுமையின் அடையாளமாகத் தோன்றினாலும், வழங்கியவர் யார், அது எந்த விமானத்தில் எத்தனை மணி நேரம் பறந்தது என்ற வரலாறு தெரிந்த பாகம் அதன் வழியே கிடைக்கிறது. வெளிச்சந்தைச் சில்லுக்கு அந்த வரலாறு கிடையாது.

வழக்கொழிவை வந்தபின் சமாளிப்பதைவிட வடிவமைக்கும்போதே எதிர்பார்ப்பது நன்று என்ற கருத்தைத் தரப்படுத்திய ஐஇசி 62402 என்ற சர்வதேசத் தரநிலை 2007இல் வெளிவந்து 2019இல் திருத்தப்பட்டது. பாகப் பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் எத்தனை தயாரிப்பாளர்கள் உள்ளனர், அந்தப் பாகம் விற்பனைச் சுழற்சியின் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை முதல் நாளிலேயே எழுதிவைப்பது இதன் நடைமுறை வடிவம். இன்னும் அடிப்படையான ஒரு முயற்சி அதற்கு முன்பே நடந்திருந்தது. 1980களில் அமெரிக்க இராணுவம் தான் வாங்கும் ஒவ்வொரு ஐசியும் என்ன செய்கிறது என்பதை, எந்த ஆலையையும் சாராத ஒரு மொழியில் எழுதித் தரவேண்டும் என்று விரும்பியதன் விளைவாகவே, இன்று உலகெங்கும் பொறியியல் மாணவர்கள் பயிலும் விஎச்டிஎல் என்ற வன்பொருள் விவரிப்பு மொழி உருவாகி 1987இல் தரநிலையானது. ஆலை மூடினாலும் விவரிப்பு எஞ்சும். அதைக்கொண்டு வேறோர் ஆலையில் அதே சில்லை மீண்டும் செய்துகொள்ளலாம் என்பது எண்ணம். நடைமுறையில் அந்த விவரிப்புகள் பெரும்பாலும் எஃப்பிஜிஏ எனப்படும், உள்ளமைப்பைப் பயனரே எழுதிக்கொள்ளக்கூடிய சில்லுகளில் ஏற்றப்பட்டு, மறைந்துபோன பழைய ஐசிகளின் இடத்தில் பொருத்தப்பட்டன. தர்க்கத்தை இப்படி எழுதிவைக்க முடிகிறது. உள்ளீட்டுக் காலில் பழைய சில்லு தாங்கிய ஐந்து வோல்ட்டைப் புதியது தாங்குமா என்பது போன்றவற்றை விவரிப்பு சொல்வதில்லை என்பதால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் மின்னழுத்தம் மாற்றும் துணைச்சுற்றும் மறுசோதனையும் தேவைப்படுகின்றன. அவ்வாறு பொருத்தத் தக்கவையாக இருந்த ஸ்பார்ட்டன்-2, ஸ்பார்ட்டன்-3 வரிசை எஃப்பிஜிஏக்களுக்கு, அவற்றின் இன்றைய உரிமையாளரான ஏஎம்டி நிறுவனம் 2024ஆம் ஆண்டின் நடுப்பகுதியைக் கடைசிக் கொள்முதல் காலமாக அறிவித்தது.